கேம் முடிச்சாச்சா, வந்து சொல்லுங்க: தருமபுரி சந்திப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன சந்திப்பு?

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் தருமபுரியில் நண்பர் ஒருவருடைய கடை மாடியில் கூடுகிறோம். அண்மையில் கடைசி வரை ஆடி முடித்த வீடியோ கேம் ஒன்றைப் பற்றி ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு கேள்வி, வாக்குவாதம், டீ. அங்கே உட்கார்ந்து யாரும் ஆடுவதில்லை. போட்டி, பரிசு எதுவும் கிடையாது. தருமபுரி ஆட்கள்தான் அதிகம். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கமிருந்தும் வருகிறார்கள். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள் லீவு கிடைக்கிற மாதம் எட்டிப் பார்ப்பார்கள்.

கேம் ஆடுவது சரி. அதைப் பற்றி உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது?

ஒரு படம் பார்த்தால் மறுநாள் பஸ்ஸிலேயே பேசித் தீர்த்துவிடலாம், பக்கத்து சீட்டுக்காரரும் பார்த்திருப்பார். ஐம்பது மணி நேரக் கதை ஒன்றை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி ராத்திரியாக ஆடி முடித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது மனசு நிறைந்திருக்கும், சொல்லத்தான் ஆள் இருக்காது. வேலை செய்கிற இடத்தில் சொன்னால் "இந்த வயசுலயும் கேமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தச் சந்திப்பு அதற்காகத்தான் தொடங்கியது. பேச ஆரம்பித்தபோது இன்னொன்றும் புரிந்தது. ஒரே கேமை ஆடிய இரண்டு பேர் ஒரே கதையைச் சொல்வதில்லை. ஒருவர் நின்று பார்த்த இடத்தை இன்னொருவர் குதிரையில் கடந்து போயிருப்பார். அவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கும்போது அந்த விளையாட்டோடு சேர்த்து அந்த ஆளையும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறோம்.

'முடித்தது' என்று எதைக் கணக்கில் எடுப்பீர்கள்?

முக்கியக் கதை முடிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடியிருந்தால் போதும். சைடு மிஷன், அதாவது முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகள் எல்லாம் முடித்திருக்க வேண்டாம். எல்லாச் சவால்களையும் முடித்தால் கிடைக்கும் பிளாட்டினம் ட்ரோபி வாங்கியிருந்தால் சந்தோஷம், ஆனால் வாங்காதவரை விட உங்களுக்குக் கூடுதல் நேரம் தர மாட்டோம்.

தகராறு வருவது சில கேம்களில்தான். அமெரிக்கக் கொள்ளைக் கூட்டம் ஒன்றின் கதையாக 2018-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அத்தியாயம் முடிந்ததும் கதை முடிந்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பாகமாக ஒரு பின்கதை வருகிறது. அழுது முடித்த கையோடு அதில் மாடு மேய்க்கவும் வேலி போடவும் சொல்வதால் பல பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் அந்தப் பின்கதையையும் ஆடினால்தான் முடித்தது. அந்த வேலி வேலைக்குள்தான் முன்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹாலோ நைட் என்ற கேமில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. எந்த முடிவைப் பார்த்தாலும் கணக்கில் வரும், எதைப் பார்த்தீர்கள் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மைன்கிராஃப்டில் எண்டர் டிராகனைக் கொன்று, திறக்கும் வாசலில் நுழைந்தால் பெயர்கள் ஓடுகின்றன, அது போதும். விவசாயம் பார்க்கும் கேமான ஸ்டார்டியூ வேலிக்கு முடிவே கிடையாது. அதில் மூன்றாம் வருடத்தின் முதல் நாள் செத்துப்போன தாத்தா வந்து, பண்ணையை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று மதிப்பிடுவார். அந்த நாள் வரை போனவர்களை முடித்தவர்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

ஃப்ரீ ஃபயர், பப்ஜி ஆடுகிறவர்கள் பேசலாமா?

அந்த ஆட்டங்களுக்கு முடிவு இல்லை, ரேங்க்தான் ஏறும் இறங்கும். அதனால் இங்கே பேசுவதற்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் வரலாம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஏன் முடித்த கேம்களைப் பற்றி மட்டும்?

பாதியில் விட்டதைப் பற்றி யார் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லலாம். அதே ரெட் டெட் 2-ன் முதல் அத்தியாயத்தில் பனிமலையில் ஆட்கள் மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருப்பார்கள். அதோடு நிறுத்தியவர் "போர் அடிக்குது" என்பார், அவர் சொல்வதும் பொய்யில்லை. கடைசி வரை போனவருக்குத்தான் அந்த மந்தமான நடை எதற்கு என்று தெரியும். அந்தக் கொள்ளைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் குரலும் நமக்குப் பழகுவது அங்கேதான். பிறகு அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகும்போது வலிக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2020-ல் புனேயில் இருக்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட ராஜி அப்படி ஒன்று. கோலு என்ற தம்பியை அசுரர்கள் தூக்கிக்கொண்டு போக, தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கும் அக்கா ராஜி அவனைத் தேடிப் புறப்படுகிறாள். கோட்டைச் சுவர்களில் வரைந்திருக்கும் புராண ஓவியங்களுக்கு முன் அவள் நிற்கும்போது துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்கிறார்கள். நம் நாட்டுக் கட்டடங்களை, நம் கடவுள்களை இவ்வளவு அழகாக வேறு கேமில் நான் பார்த்ததில்லை. முதல் மணி நேரத்தோடு நிறுத்தியவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார். கடைசி வரை ஆடியவருக்கு, கதை பாதிப் படியில் நின்றுபோன ஏமாற்றமும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

இன்னொரு காரணம் எங்கள் வயசுக்காரர்களுடையது. தருமபுரி, கிருஷ்ணகிரி பிரவுசிங் சென்டர்களில் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி கேம் ஆடாத பையன் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் எல்லோரும் ஆடியது பாதிதான். பேன்சர் என்று சீட் கோடு, அதாவது குறுக்குவழி ரகசியச் சொல் தட்டினால் டேங்க் வந்து நிற்கும், அதில் ஏறி ஊரை அடித்து நொறுக்குவதற்குள் காசு கட்டிய நேரம் தீர்ந்துவிடும். கொஞ்சம் கதைக்குள் போனவர்கள்கூட, ரிமோட் ஹெலிகாப்டரில் வெடிகுண்டு தூக்கிக்கொண்டு போய் வைக்கும் அந்த மிஷனில் மாட்டிக்கொண்டார்கள். அச்சகம் முதலான சொத்துகளை விலைக்கு வாங்கி அவற்றின் வேலைகளை முடித்தால்தான் கடைசி மிஷன் திறக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஓர் அண்ணன், இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள், போன வருடம்தான் அதை முறையாக ஆடி முடித்தார். அன்று அவர் பேசியதைக் கேட்க மாடியில் இடம் போதவில்லை. அதன் நாயகன் டாமி வெர்செட்டிக்கு ஒரு கதை இருந்தது என்பதே அங்கே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

பேசும்போது என்ன சொல்ல வேண்டும்? எனக்கு விமர்சனம் எல்லாம் எழுதத் தெரியாது.

விமர்சனம் வேண்டாம். "கிராபிக்ஸ் சூப்பர், மியூசிக் சூப்பர், கதை ஓகே" என்று வரிசையாக அடுக்கினால் எந்தக் கேமுக்கும் அது பொருந்தும். ஓர் இடத்தை எடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், அப்போது என்ன நடந்தது, உங்களுக்குள் என்ன ஆனது என்று சொல்லுங்கள். கேட்பவர் அந்தக் கேமைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் ஸ்டார்டியூ வேலி பற்றிப் பேசியது எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. எரிக் பேரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, நிரல், வசனம் எல்லாம் செய்து 2016-ல் வெளியிட்ட விளையாட்டு அது. நகரத்து வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவின் பழைய பண்ணைக்குப் போய் விவசாயம் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு பருவம், நாலு பருவம் சேர்ந்தால் ஒரு வருடம். விளைந்ததைச் சாயங்காலம் வீட்டுப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டால் காலையில் காசு வந்திருக்கும்.

இந்தத் தம்பி வீட்டில் தக்காளி போடுகிறார்கள். அவர் சொன்னார்: "அண்ணா, நான் கோடை முழுக்கத் தக்காளியா போட்டுத் தள்ளுனேன். எத்தனை போட்டாலும் மறுநாள் அதே விலை. மழை பெஞ்சாலும் அதே விலை, ஊரே தக்காளி போட்டாலும் அதே விலை. எங்க அப்பாகிட்ட காட்டுனேன். அவர் ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துட்டிருந்தார்." பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் மேற்கொண்டு எதையும் விளக்கவில்லை. அந்த விளையாட்டு ஏன் இத்தனை பேருக்கு ஆறுதலாக இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

காட் ஆஃப் வார் பற்றிப் பேசியவர் பென்னாகரத்துக்காரர். 2018-ல் பிளேஸ்டேஷனில் வந்தது. 2022-ல் கணினிக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கம் நிறையப் பேர் ஆடினார்கள். செத்துப்போன மனைவியின் அஸ்தியை மிக உயரமான சிகரத்தில் தூவ வேண்டும், அது அவளுடைய கடைசி ஆசை. அப்பா கிரேட்டாஸும் மகன் அட்ரியஸும் புறப்படுகிறார்கள். கேமரா ஒரு இடத்தில்கூட வெட்டாமல் கடைசி வரை அவர்கள் கூடவே போகிறது. எல்லோரும் கோடாரியைப் பற்றித்தான் பேசுவார்கள். எறிந்த கோடாரி திரும்பி வந்து கையில் உட்காரும் அந்த அதிர்வு உண்மையிலேயே அற்புதம்தான். இவரோ அப்பாவின் இடுப்பில் தொங்கும் அஸ்திப் பையைப் பற்றிப் பேசினார். பாட்டியின் அஸ்தியை ஒகேனக்கலுக்குக் கொண்டுபோன அன்று, பஸ்ஸில் அப்பா அந்தக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாராம். சண்டைக்கு நடுவே அந்தப் பை கண்ணில் படும்போதெல்லாம் அந்தப் பயணம் ஞாபகம் வந்தது என்றார். அப்பாவும் மகனும் படகில் போகும்போது பேசிக்கொள்ளும் பேச்சை முழுசாகக் கேட்பதற்காக, கரை வந்த பிறகும் இறங்காமல் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தாராம்.

ஒரு கேமைப் பற்றி இந்த மாதிரி ஒரு விஷயம் சொன்னால் போதும்.

மார்க் போடலாமா? பத்துக்கு எட்டு, ஒன்பது என்று?

வேண்டாம். எண்ணைச் சொன்னதும் பேச்சு அந்த எண்ணைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

முடிவைச் சொல்லலாமா? ஸ்பாய்லர் பிரச்சினை?

பேச்சை இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் பகுதியில் கதையின் தொடக்கம், ஆடும் விதம், உங்கள் அனுபவம். முடிவைப் பற்றிப் பேசும் முன் நிறுத்திக் கேட்போம். இனிமேல் ஆடப் போகிறவர்கள் கீழே டீக்கடைக்கு இறங்கிவிடுவார்கள், முடிந்ததும் கூப்பிடுவோம். கேம் பழசு என்பதற்காக இந்த விதியைத் தளர்த்துவதில்லை. 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸை இந்த வருடம் முதல் முறை ஆடும் பதினெட்டு வயசுக்காரருக்கு அது புதுக் கதைதான். அதில் வரும் பிக் ஸ்மோக்கைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

சில விளையாட்டுகளில் கதை மட்டுமல்ல, கண்டுபிடிப்பதும் ரகசியமாகவே இருக்க வேண்டும். லூக்காஸ் போப் 2018-ல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் அப்படிப்பட்டது. 1802-ல் லண்டனிலிருந்து புறப்பட்ட கப்பல் 1807-ல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. கப்பலில் இருந்தவர்கள் அறுபது பேர். யார் யார், யாருக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுத வேண்டும். நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரி. ஒரு பாக்கெட் கடிகாரத்தைத் திறந்தால் ஒருவர் செத்த அந்த நொடி மட்டும் உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து போய்ப் பார்க்கலாம். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் "சரி" என்று ஒத்துக்கொள்ளும், அதனால் ஊகித்துத் தப்பிக்க முடியாது. பேச்சு வழக்கு, உடுப்பு, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இந்தியக் கடலோடிகளும் அந்தக் கப்பலில் இருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து வரும் ஆசிரியர் அக்கா இதை ஆடிவிட்டு வந்து, ஒரே ஒரு துப்பைக்கூட வெளியே விடாமல் பேசினார். எப்படி என்றால், நம் ஊரைப் பற்றிப் பேசினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாரமகாலில்தான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி இருந்தது. அந்தக் கற்பனைக் கப்பல் கடலில் இருந்ததாகச் சொல்லப்படும் வருடங்களில் நம் கிராமங்களில் வரிக் கணக்கு எழுதியது இதே கம்பெனி. கப்பலில் மனிதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று எழுதச் சொல்லும் அந்தத் தடித்த பேரேட்டில், கடைசியில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரிடம் எவ்வளவு பிடிப்பது என்ற கணக்குதான் வருகிறது. "அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்குச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்த மாடியிலிருந்து குறைந்தது ஐந்தாறு பேர் அதை வாங்கி ஆடினார்கள்.

சீட் கோடு போட்டு, அல்லது சுலபமான நிலையில் ஆடி முடித்தால் ஒத்துக்கொள்வீர்களா?

சுலபமான நிலையில் ஆடுவதில் ஒரு குறையும் இல்லை. 2018-ல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான கேம். மேடலின் என்ற பெண் தன் பயத்தோடும் பதற்றத்தோடும் ஒரு மலை ஏறுகிறாள். ஆயிரம் தடவை விழுந்து சாவீர்கள். அதைச் செய்தவர்களே அதில் ஓர் உதவி நிலை வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்கலாம், பலம் தீராமல் வைக்கலாம், சாகாமலேகூட ஆடலாம். கை விரல்களில் வலி உள்ள ஒரு நண்பர் வேகத்தைக் குறைத்து ஆடி உச்சிக்குப் போனார். அவர் பார்த்ததும் அதே உச்சிதான்.

சீட் கோடு போட்டீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், போதும். எங்கே முட்டி நின்றீர்கள் என்பதும் பேச வேண்டிய விஷயமே.

யூடியூபில் முழுசாகப் பார்த்தது மட்டும் கணக்கில் வராது. கதை தெரிந்திருக்கும், ஆனால் கை செய்த வேலை இருக்காது. கேட்க வாருங்கள், கேள்வி கேளுங்கள்.

என்னிடம் நல்ல கணினி இல்லை. அரசு கொடுத்த லேப்டாப்தான் இருக்கிறது.

அதில் ஓடுகிற நல்ல கேம்கள் ஏராளம். லிம்போ, அண்டர்டேல், ஸ்டார்டியூ வேலி, 2007-ல் வந்த முதல் போர்ட்டல், இவற்றுக்கெல்லாம் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது. போன் மட்டும் இருந்தால் மான்யுமெண்ட் வேலியில் தொடங்குங்கள். படிக்கட்டைத் திருப்பினால் சுவர் தரையாகும், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஸ்டார்டியூ வேலியும் சான் ஆண்ட்ரியாஸும் போனிலும் இருக்கின்றன.

பெரிய கேம்களுக்கு வேறு தடை. ரெட் டெட் 2-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். கிராமத்து இணையத்தில் அதை இறக்குவதற்குள் ஆசையே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஊருக்குள் நல்ல இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் ஹார்ட் டிஸ்கில் இறக்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய கேமை அப்படிக் கொண்டுபோய் உங்கள் கணக்கிலேயே ஆடலாம்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

ஆமாம் என்றுதான் சொல்வேன். ஹாலோ நைட்டை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் செய்தார்கள். ஸ்டார்டியூ ஒரே ஆள் செய்தது. நம் கையில் இருப்பது அவர்களுடைய பல வருட உழைப்பு. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறது, யு.பி.ஐ. மூலம் கட்டலாம். கோடையிலும் ஆண்டுக் கடைசியிலும் தள்ளுபடி வரும், அதுவரை காத்திருக்கலாம்.

வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உங்கள் கணினியில் ஓடுமா என்று பார்க்க இது ரொம்ப உதவும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும் சின்னக் கேம்களை ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நேரமே இல்லை. சீக்கிரம் முடிக்கக்கூடியதாக எதையாவது சொல்லுங்கள்.

வெண்பா. 2023 ஜூலையில் வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. 1988-ல் கனடாவில் வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதி. அம்மாவின் சமையல் புத்தகம் கிழிந்து, கறை படிந்து, பாதி எழுத்து அழிந்திருக்கிறது. விட்டுப்போன படிகளை நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போய்ச் சேரும் என்பதுதான் அங்கே புதிர்.

காரிமங்கலத்துத் தம்பி ஒருவர் இதைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா மௌஸைப் பிடித்ததே அன்றைக்குத்தான். இட்லியில் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லையாம், தட்டை அடுக்கிவிட்டு "இதுல என்னடா இருக்கு?" என்றாராம். புட்டு, பிரியாணி என்று போகப் போக, மகன் கவின் வளர்ந்து அம்மாவிடமிருந்து விலகிப் போகும் பகுதி வந்தபோது எதுவும் பேசாமல் ஆடி முடித்தார். முடித்துவிட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் மூத்த மகனுக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் அந்த அம்மாவே மாடிக்கு வந்து ஐந்து நிமிடம் பேசினார். எங்கள் சந்திப்பில் நான் கேட்ட மிக நல்ல பேச்சுகளில் அது ஒன்று. வெளிநாட்டில் வாழ்ந்திராத ஒருவர், ஓசூர் தாண்டி ஒரு பஸ் தூரத்தில் பிள்ளை இருக்கும் ஒருவர், அந்தக் கதையில் தன்னைப் பார்த்திருக்கிறார்.

வேறு வேண்டும் என்றால் 2019-ல் வந்த எ ஷார்ட் ஹைக். ஒரு சின்னப் பறவை, போன் சிக்னலுக்காக மலை உச்சிக்குப் போகிறது. வத்தல்மலை ஏறியவர்களுக்கு அந்தச் சிக்னல் பிரச்சினையை விளக்கவே வேண்டாம். போர்ட்டல், லிம்போ இரண்டும் ஒரு வாரக் கடைசிக்குள் முடியும். எந்தக் கேம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க 'ஹவ் லாங் டு பீட்' என்று தேடுங்கள். முக்கியக் கதைக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் முடிக்க எவ்வளவு என்று ஆடியவர்களே நேரம் பதிந்திருப்பார்கள்.

பெண்கள் வருகிறார்களா?

வருகிறார்கள். முன்னால் சொன்ன ஆசிரியர் அக்காவும் காரிமங்கலத்து அம்மாவும் இங்கே பேசியவர்கள்தான். மாலை ஏழு மணிக்கு மேல் சந்திப்பை இழுப்பதில்லை, பஸ் பிடிக்க வேண்டியவர்களை ஒருவராவது நிலையம் வரை கொண்டுபோய் விடுவோம்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரலாமா?

அப்பா அம்மாவோ அண்ணன் அக்காவோ கூட வந்தால் வரலாம். பெரியவர்களுக்கான கேம்களைப் பற்றிய பேச்சை அன்று கடைசியில் வைப்போம், பிள்ளைகள் அதற்கு முன் கிளம்பிவிடலாம். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களை மார்ச்சில் வரவேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுகிறோம்.

ரம்மி, பந்தயம் மாதிரி காசு வைத்து ஆடுவது?

அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்துவிட்டது. அதில் குடும்பம் நொந்துபோனவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 'கேம்' என்று சொன்னதும் வீட்டில் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் ஆடுவது என்ன என்று வீட்டில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பயம் பாதி குறையும்.

ஒரு பெரிய கேம் முடித்த பிறகு ரெண்டு மூணு நாளைக்கு வெறுமையாக இருக்கிறது. வேறு எதுவும் ஆடப் பிடிக்கவில்லை. இது எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் வரும். ஒரு மாதம் தினமும் ஓர் ஊருக்குள் போய் வந்திருக்கிறீர்கள். எந்தக் கடைக்காரன் எங்கே இருப்பான், எந்த மேட்டில் ஏறினால் ஏரி தெரியும் என்பதெல்லாம் பழகியிருக்கும். திடீரென்று அங்கே உங்களுக்கு வேலை இல்லை. உடனே அடுத்த பெரிய கேமைத் தொடங்காதீர்கள், பாவம் அதற்கு நியாயம் கிடைக்காது. நான் செய்வது இதுதான்: முடித்த கேமை மறுபடி திறந்து, மிஷன் எதுவும் இல்லாமல் சும்மா நடப்பேன். ரெட் டெட்டில் மீன் பிடித்தேன். ஹாலோ நைட்டில், வரைபடம் விற்கும் கார்னிஃபர் முணுமுணுத்துக்கொண்டே பாடும் அந்தப் பாட்டை யோசித்துக்கொண்டு பழைய வழிகளில் போய்வந்தேன். இரண்டு நாளில் மனசு தானாக விட்டுவிடும். விடாவிட்டாலும், அந்தச் சூட்டோடு வந்து பேசினால் பேச்சு நன்றாக வரும்.

பாதியில் விட்டதைப் பற்றிப் பேசவே கூடாதா?

டீ நேரத்தில் பேசலாம். எதை விட்டீர்கள், எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொன்னால், அதை முடித்தவர் அங்கே இருந்தால் ஒரு யோசனை சொல்லுவார். அப்படித்தான் எல்டன் ரிங்கில் முதல் பெரிய பாஸிடம், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டிருந்தவர், அவனை விட்டுவிட்டு முதலில் தெற்குப் பக்கம் சுற்றி வரலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அவர் முடிக்கப் பல மாதம் ஆனது. முடித்துவிட்டார்.

எந்த மொழியில் பேச வேண்டும்?

தமிழில். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு நடுவில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், யாரும் தடுப்பதில்லை. கேமில் இருக்கும் பெயர்களை அப்படியே சொல்லலாம்.

முதல் தடவை வருகிறேன். எதாவது கொண்டுவர வேண்டுமா?

போனில் நாலைந்து ஸ்கிரீன்ஷாட் இருந்தால் நல்லது, மாடியில் ஒரு டிவி இருக்கிறது. வீடியோ வேண்டாம், வீடியோ ஓடினால் எல்லோரும் அதையே பார்ப்பார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். முதல் மாதம் பேசாமல் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாலும் சரி. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும், நாலு மணிக்குள் வந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். டீக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம், மாணவர்களிடம் வாங்குவதில்லை.